விருந்தினர் இல்ல வைஃபை: கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, இணையம் மட்டும் வரவில்லை

அரசலாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நவக்கிரகத் தலங்களைப் பெற்றோருடன் தரிசிப்பதற்காகச் சுவாமிமலைக்கு அருகில் பழைய அக்கிரகாரத்து வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகத் தங்கியிருக்கிறோம். உரிமையாளர் சென்னையில் இருக்கிறார்; வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எல்லா உதவியும் செய்கிறார், ஆனால் வைஃபை பற்றிக் கேட்டால் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அட்டையின்படி விருந்தினருக்கென்று இரண்டு இணைப்புப் பெயர்கள் உள்ளன. இரண்டாவது பெயரின் இறுதியில் 5ஜி என்று சேர்த்திருக்கிறார்கள், கடவுச்சொல் இரண்டுக்கும் ஒன்றே. இணைந்த பிறகு ஒரு பக்கம் திறக்கும் என்றும், அதில் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி பெற்று உள்ளே செல்ல வேண்டும் என்றும், ஓர் எண்ணுக்கு மூன்று கருவிகள் அனுமதி என்றும் எழுதியிருக்கிறது.

என் எண்ணைக் கொண்டு என் கைபேசியையும் அப்பாவின் கைபேசியையும் மட்டுமே இணைத்தேன். முதல் நாள் இரவு இரண்டும் நன்றாக வேலை செய்தன. மறுநாள் காலை என் கைபேசியில் அதே பக்கம் மீண்டும் திறந்தது. ஓடிபி கொடுத்து நுழைந்தேன். அதன்பின் அம்மாவின் கைபேசியை இணைக்கப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வருகிறது. என் மனைவியின் அலுவலக மடிக்கணினியில் வைஃபை இணைந்ததாகக் காட்டுகிறதே தவிர, அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. மலேசியாவிலிருந்து எங்களுடன் வந்திருக்கும் அத்தைக்குப் பக்கம் திறக்கிறது, ஆனால் அவருடைய மலேசிய எண்ணுக்கு ஓடிபி வருவதில்லை. இவை போதாவென்று, முற்றத்தைத் தாண்டிக் கொல்லைப்புறம் உள்ள அறையில் இணைப்பு பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

கோவில்களுக்குச் சென்றுவரும் நேரம் போக மீதி நேரத்தில் மனைவி வேலை பார்த்தாக வேண்டும். இவற்றுக்கு நாங்களே செய்துகொள்ளக்கூடிய தீர்வு உண்டா? இப்படிப் பலரும் பயன்படுத்தும் இணைப்பில் வங்கிச் செயலியைத் திறக்கலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தஞ்சை கம்பிக்காரர் (பதில்)

வணக்கம் ஐயா. தஞ்சாவூர், திருவையாறு வட்டாரங்களில் விடுதிகளுக்கு வலையமைப்பு போட்டுக்கொடுப்பது என் தொழில் என்பதால், நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே எண்ணிக்கை முடிந்தது ஏன் என்பது விளங்கிவிட்டது. முதல் நாள் இரவு உங்கள் கைபேசி ஒரு பெயரிலும் மறுநாள் காலை 5ஜி என்று முடியும் பெயரிலும் இணைந்திருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாளம் உண்டு. நுழைவுப் பக்கத்தை நடத்தும் ரௌட்டர் அதை வைத்துத்தான் கருவிகளை எண்ணுகிறது. ஆனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல், ஒவ்வோர் இணைப்புப் பெயருக்கும் தற்செயலாக உருவாக்கிய வேறொரு முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே ஒரே கைபேசி இரண்டு பெயர்களில் இணைந்தால் ரௌட்டரின் கணக்கில் அது இரண்டு கருவிகள். அப்பாவுடையதையும் சேர்த்தால் மூன்று ஆகிவிட்டது, அம்மாவுக்கு இடமில்லை.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, வீட்டில் உள்ள அனைவரும் ஒரே பெயரில் மட்டும் இணைவது என்று முடிவு செய்துகொண்டு, மற்றப் பெயரை ஒவ்வொரு கைபேசியிலும் மறக்கச் செய்வது. ஏற்கெனவே பதிவான கூடுதல் இடத்தை ரௌட்டரிலிருந்து நீக்க உரிமையாளரால் முடியும்; தொலைவிலிருந்தே செய்யும் வசதி பல கருவிகளில் உள்ளது. அவரை அழைத்துக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

மடிக்கணினியின் சிக்கல் வேறு வகை. வைஃபை இணைந்ததும் எந்தக் கருவியும் முதலில் தனக்குத் தெரிந்த ஒரு சிறு முகவரியைக் குறியாக்கம் இல்லாத எச்டிடிபி வழியே கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த விடை வந்தால் இணையம் உண்டு என்று கொள்ளும்; விடைக்குப் பதிலாக வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டால், இங்கே நுழைவுப் பக்கம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அதைத் திறந்துகாட்டும். மடிக்கணினியில், அலுவலகத்தோடு குறியாக்கம் செய்த தனிவழியில் இணைக்கும் விபிஎன் எப்போதும் இயங்குமாறு பூட்டப்பட்டிருந்தாலோ, தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரி கையால் எழுதிவைக்கப்பட்டிருந்தாலோ இந்த முதல் கேள்வியே வெளியே போகாமல் நின்றுவிடும். விபிஎன் இல்லாமல் நுழைய முடியாது, நுழையாமல் விபிஎன் இயங்காது என்ற முட்டுச்சந்து அது.

முதலில் விபிஎன்னை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நிறுத்திவிட்டு, இணைப்பின் விவரங்களில் கேட்வே என்று காட்டப்படும் எண்ணை, பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும், உலாவியின் முகவரிப் பட்டையில் எச்டிடிபி என்று முன்னொட்டு இட்டுத் திறந்தால் நுழைவுப் பக்கம் வர வாய்ப்புண்டு. ரௌட்டரின் நிர்வாகப் பக்கம் வந்தால் எதையும் தொடாமல் மூடிவிடுங்கள். எச்டிடிபிஎஸ் தளம் எதையாவது திறந்து முயன்றால் இந்தத் தளத்தை நம்ப முடியாது என்னும் சான்றிதழ் எச்சரிக்கைதான் பெரும்பாலும் வரும், ஏனெனில் குறியாக்கம் செய்யப்பட்ட பக்கத்தை ரௌட்டரால் இடையில் மாற்றித்தர முடியாது. உள்ளே நுழைந்தபின் விபிஎன்னை இயக்கிக்கொள்ளலாம்.

விபிஎன்னை நிறுத்த அலுவலகம் இடம் தராதென்றால், ஏற்கெனவே நுழைந்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி வடத்தால் மடிக்கணினியோடு இணைத்து டெதரிங்கை இயக்குங்கள். கைபேசி பெற்ற வைஃபை இணையமே மடிக்கணினிக்கும் செல்லும். கொல்லைப்புற அறையைப் பற்றி, வீட்டின் அமைப்பைச் சொன்னால் பிறகு எழுதுகிறேன்.

திண்ணை வீடு (பதில்)

திருவையாற்றில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியை நாங்களும் விருந்தினருக்கு விடுகிறோம் என்பதால் உரிமையாளர் பக்கத்தைச் சொல்கிறேன். ஓடிபி கேட்பது விருந்தினரை அலைக்கழிப்பதற்காக அன்று. 2008ஆம் ஆண்டு அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டில் பாதுகாப்பின்றித் திறந்துகிடந்த வைஃபை வழியே சென்றிருந்ததும், அந்த வீட்டுக்காரர் விசாரணைக்கு உள்ளானதும் பலருக்கு நினைவிருக்கும். இணைப்பு எவர் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி வரும். விருந்தினர் இன்னார் என்ற பதிவு இருந்தால் உரிமையாளருக்கும் நல்லது, தங்குபவருக்கும் நல்லது.

தங்கள் அத்தை விஷயத்தில், இத்தகைய ஓடிபி சேவைகளில் பல இந்திய எண்களுக்கு மட்டுமே குறுஞ்செய்தி அனுப்புமாறு அமைக்கப்பட்டவை. ஆகவே எத்தனை முறை அழுத்தினாலும் வராது. உரிமையாளரிடம், ஓடிபிக்குப் பதிலாக இட்டு நுழையும் வவுச்சர் குறியீடு ஒன்று கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவரின் வருகையை 24 மணி நேரத்திற்குள் இணையவழியே அரசிடம் பதிவு செய்வது எப்படியும் இல்லத்தாரின் கடமை. அந்த விவரங்கள் அவரிடம் இருக்கும் என்பதால், அவர் பெயரில் ஒரு குறியீடு உருவாக்கித் தருவதில் அவருக்கு எந்தத் தடையும் இருக்காது. வவுச்சர் வசதி இல்லாத ரௌட்டர் என்றால், தங்கள் எண்ணில் ஓர் இடத்தை அத்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பொதுவாக இன்னொன்று: அறையில் உள்ள தொலைக்காட்சிக்குக் கைபேசியிலிருந்து படத்தை அனுப்ப முயன்று முடியாமல், வைஃபை கெட்டுவிட்டது என்று எங்களிடம் முறையிடுவோர் உண்டு. விருந்தினர் இணைப்பில் ஒரு கருவி மற்றொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்துவைப்பதே வழக்கம். பக்கத்து அறையில் தங்கியிருப்பவர் உங்கள் மடிக்கணினியைத் துழாவாமல் இருப்பதற்காக வைக்கப்பட்ட தடுப்பு அது, பழுது அன்று.

வெண்ணாற்றங்கரை (பதில்)

வங்கிச் செயலி பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். கடவுச்சொல் இருப்பதாலேயே இணைப்பு பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். 2004இல் வந்த டபிள்யூபிஏ2 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையில், எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்னும்போது, அதை அறிந்த மற்றொருவர் உங்கள் கருவி இணையும் தருணத்தில் நடக்கும் குறியீட்டுப் பரிமாற்றத்தையும் பதிவு செய்துவிட்டால், காற்றில் செல்லும் தரவின் வைஃபை குறியாக்கத்தை அவரால் அவிழ்க்க முடியும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இந்தக் குறையை நீக்கியது என்றாலும், பழைய கருவிகளும் இணைய வேண்டும் என்பதற்காக விடுதிகள் பெரும்பாலும் பழைய முறையையே வைத்திருக்கின்றன. சுவரில் ஒட்டிய கடவுச்சொல் வந்துபோன அனைவருக்கும் தெரிந்த கடவுச்சொல்.

அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. வைஃபை குறியாக்கம் அவிழ்க்கப்பட்டாலும் அதற்குள் எச்டிடிபிஎஸ் என்னும் இன்னோர் உறை இருக்கிறது. வங்கிச் செயலிகளும் தளங்களும் அதன் வழியேதான் பேசுகின்றன. யுபிஐ செயலியில் நீங்கள் இடும் பின் எண் உங்கள் கைபேசியிலேயே குறியாக்கம் செய்யப்பட்ட பிறகுதான் வெளியே செல்கிறது. எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்ற பெயரை ஒருவர் அறியலாம். அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதை அறிய முடியாது. ஆகவே செயலியைத் திறக்கலாம். பெரிய தொகை அனுப்புவதாக இருந்து, கைபேசித் தரவு கிடைக்குமானால் அதைப் பயன்படுத்துங்கள் என்பது என் விருப்பம், அவ்வளவே.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு இரண்டைப் பற்றி. ஒன்று, உலாவியில் சான்றிதழ் எச்சரிக்கை வரும்போது பரவாயில்லை என்று அழுத்தித் தாண்டிச் செல்வது. கம்பிக்காரர் சொன்னதுபோல நுழைவுக்கு முன் அது வருவது இயல்பு, ஆனால் நுழைந்த பிறகும் வந்தால் அந்த இணைப்பை அப்போதே துண்டித்துவிடுங்கள். மற்றொன்று, அதே பெயரில் வேறொருவர் அமைக்கும் போலி இணைப்பு. திருவிழாக் காலத்தில் தெரு முழுவதும் விடுதிகள் நிறைந்திருக்கும்போது ஒரே மாதிரியான பெயர்கள் பல தெரியும். அட்டையில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்து இணையுங்கள். நுழைவுப் பக்கம் கைபேசி எண்ணுக்கு மேல் அட்டை எண்ணையோ மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ கேட்டால், ஏதேனும் செயலியை நிறுவச் சொன்னால், மறுத்துவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது இணைப்பை மறக்கச் செய்துவிட்டுச் செல்வதும் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பெயரை எங்கே கண்டாலும் கைபேசி தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும்.

மேக் முகவரியை மாற்றிக் காட்டும் வசதியையே அணைத்துவிடலாம் என்று யாரேனும் யோசனை சொல்லக்கூடும். இந்தச் சிக்கலுக்கு அது தேவையில்லை. ஒரே பெயரில் இணைந்தால் போதும்.

அரசலாறு (கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. உரிமையாளரை அழைத்துப் பேசினேன். என் கைபேசியின் பெயரில் இரண்டு பதிவுகள் இருந்ததை அவரும் கண்டு ஒன்றை நீக்கிவிட்டார், அம்மாவின் கைபேசி இணைந்துவிட்டது. அத்தைக்குத் தனிக் குறியீடு அனுப்பினார். மடிக்கணினியில் விபிஎன்னை நிறுத்த இயலவில்லை என்பதால் யூஎஸ்பி வடமே கை கொடுத்தது. வீட்டின் அமைப்பு இது: ரௌட்டர் திண்ணையை ஒட்டிய முன் அறையில் இருக்கிறது, அடுத்து கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் எங்கள் அறை. சுவர்கள் ஒரு முழத்துக்குக் குறையாத பருமன். மின்சாரம் நின்றால் மின்விசிறி ஓடுகிறது, வைஃபை மட்டும் போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தஞ்சை கம்பிக்காரர் (பதில்)

தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் திண்ணைப் பக்கம் நுழைவதால், நிறுவ வருபவர் ரௌட்டரையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும் நம் வீடுகளில், கடைமடைக்குத் தண்ணீர் வருவதைப் போலத்தான் பின்கட்டுக்கு வைஃபை வந்து சேரும். பெயரின் இறுதியில் உள்ள 5ஜி குறிக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் தடித்த செங்கற்சுவரில் விரைவாகத் தேய்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தாலும் சுவரைக் கடந்து சற்று அதிகத் தூரம் செல்லும். எனவே நீங்கள் தேர்ந்துகொள்ள வேண்டிய ஒரே பெயர், 5ஜி என்று முடியாத பெயர். மனைவிக்குக் காணொலிக் கூட்டம் இருக்கும் நேரத்தில் முற்றத்தின் தாழ்வாரத்தில் அமர்ந்தால் இடையில் உள்ள சுவர்கள் குறைந்து, இணைப்பு நன்கு கிடைக்கும்.

நிலையான தீர்வு உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. முன் அறையிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் கம்பி இழுத்து, அங்கே வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்ட் ஒன்று வைத்தால் போதும். அந்தக் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும், எந்த அக்கிரகாரத்து வீடும் அதைவிட நீளம் இருக்காது. ஒன்றிடமிருந்து ஒன்று வைஃபையை வாங்கிப் பரப்பும் கம்பியில்லாத மெஷ் கருவிகள் வாங்குவதாக இருந்தால், முற்றத்தின் இரு பக்கங்களிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாத இடமாக இருக்க வேண்டும்.

மின்தடையின்போது வைஃபை போவதற்குக் காரணம், ரௌட்டரோ, ஃபைபரை வாங்கிக்கொள்ளும் ஓஎன்டி பெட்டியோ, இன்வெர்ட்டர் இணைப்பில்லாத பிளக்கில் இருப்பது. இரண்டும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் இரண்டுக்குமே இன்வெர்ட்டர் மின்சாரம் வர வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வந்து பயனில்லை. அடுத்த மின்தடையின்போது எந்தப் பெட்டியின் விளக்கு அணைகிறது என்று பார்த்துவிட்டு, பெரியவரிடம் சொல்லி மின்விசிறி ஓடும் இணைப்பில் உள்ள பிளக்குக்கு அதை மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் எரிந்துகொண்டிருக்க, ஓஎன்டியில் லாஸ் என்ற விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தால், சிக்கல் வீட்டுக்கு வெளியே ஃபைபரில் இருக்கிறது. அதை இணைப்பு தந்த நிறுவனத்திடம் உரிமையாளர்தான் புகாராகப் பதிவு செய்ய வேண்டும்.