ஓர் இடத்துக்கென வரைந்த ஓவியம் அந்த இடத்துக்குப் போகாவிட்டால்?

ஆம்பல் எழுதியது:

சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில், அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் சீக்ரம் ஓவியங்கள் இருந்த அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அரக்குச் சிவப்பும் கறுப்பும் மங்கிய வெளிச்சமும் நாற்புறமும் சூழ்ந்திருந்ததால், அவற்றுக்குள் அடைபட்டிருப்பதாகவே உணர்ந்தேன். அவை நியூயார்க் சீக்ரம் கட்டடத்தின் உணவகத்துக்காக 1958இல் தொடங்கப்பட்டவை என்றும், அங்கே ஒருமுறை உணவருந்திய ரோத்கோ மனம் மாறி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் பிறகுதான் படித்தேன். ஓரிடத்தின் அளவுக்கென்றே வரைந்து, அங்கே ஒருநாளும் மாட்டப்படாத ஓவியத்தை இடம்சார்ந்த கலை என்று சொல்வது பொருந்துமா?

மேற்குச்சுவர் எழுதியது:

பொருந்தும் என்றே நினைக்கிறேன். நியூயார்க்கின் பவுரி தெருவில் முன்பு உடற்பயிற்சிக் கூடமாக இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து, உணவக அறையின் அளவுக்கே சாரம் கட்டி, அதற்குள் நின்றுதான் அவர் வரைந்தார். முன்னர் அவர் வரைந்தவற்றில் பெரும்பாலானவை நெட்டுவாக்கில் இருக்க, இத்தொடரில் அகன்ற படங்கள் மிகுந்ததற்கு அந்த அறையே காரணம். இன்னோர் இடமும் அவர் மனத்தில் இருந்தது. ஃபிளாரன்சின் லாரென்சியன் நூலக முன்கூடத்தில் மைக்கலாஞ்சலோ அமைத்த, திறக்கவே முடியாத பொய்ச்சன்னல்கள் தந்த மூச்சுமுட்டலைத்தான் அவர் தேடினார். நீங்கள் சொன்ன அடைபட்ட உணர்வு அங்கிருந்து வந்தது. டேட்டுக்கு ஒன்பது ஓவியங்களைக் கொடுக்க முடிவானபோதும், அவர் டேட்டில் அவற்றுக்கென ஒதுக்கிய அறையின் சிறிய அட்டை மாதிரியை வைத்துக்கொண்டு எது எந்தச் சுவருக்கு என்று யோசித்தார். ஆகவே அவை இடமிழந்தவை அல்ல. வரைந்தவரே அவற்றுக்கு வேறோர் இடம் தேடித் தந்தார்.

வெயில்முற்றம் எழுதியது:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உரிய இடத்திலேயே இருந்தும் ஓவியம் பார்வைக்குக் கிட்டாமல் போகலாம் என்பதற்கு டெக்சாஸ் மாநிலம் ஹியூஸ்டனில் உள்ள ரோத்கோ சேப்பல் என்ற வழிபாட்டுக் கூடத்தைப் பாருங்கள். 1964இல் கலைச் சேகரிப்பாளர்களான டி மெனில் தம்பதியர் கேட்டுக்கொண்டதன் பேரில், எண்கோண அறைக்காக 14 ஓவியங்களை அவர் வரைந்தார். நியூயார்க் பட்டறையில் சேப்பலின் சுவர்களை முழு அளவில் எழுப்பி, கூரைக் கண்ணாடிக்குக் கீழே பாராசூட் துணியைக் கட்டி வெளிச்சத்தைத் தணித்துக்கொண்டார். உயரமான கூரைதான் வேண்டுமென்ற கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் அவரோடு ஒத்துப்போகாமல் விலகினார். 1970இல் ரோத்கோ இறந்தார். மறு ஆண்டு சேப்பல் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் மென்மையான வெளிச்சத்தில் உருவான அந்தக் கருநிறங்களின் மேல் டெக்சாஸ் வெயில் நேரே இறங்கியது. வெயிலைத் தடுக்கக் கூரைக்குக் கீழே பெரிய மறைப்பைத் தொங்கவிட்டார்கள். அதனால் நடுப்பகுதி இருண்டு, அறையே தாழ்ந்துவிட்டதுபோல் ஆயிற்று. 2020இல் முடிந்த சீரமைப்பில்தான் மறைப்பை நீக்கிப் புதிய கூரைக் கண்ணாடி பொருத்தினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த ஓவியங்கள் தமக்குரிய வெளிச்சமின்றிக் காத்திருந்தன என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

கல்தூண் எழுதியது:

பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்திலும் இதே கதைதான். ஓவியர் மோனே இறந்த மறு ஆண்டு, 1927இல், அவருடைய அல்லிக்குளத் தொடர் இரண்டு நீள்வட்ட அறைகளில் திறக்கப்பட்டது. மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சத்துக்காகவே அந்த அறைகள் திட்டமிடப்பட்டிருந்தன. 1960களில் வேறொரு சேகரிப்புக்காக மேலே ஒரு தளம் எழுப்பியதால் அந்த வெளிச்சம் அடைபட்டது. 2006இல் முடிந்த புதுப்பிப்பில் அந்தத் தளத்தை இடித்து, சேகரிப்பை நிலத்தடிக்குக் கொண்டுபோனார்கள். ஓவியத் துணிகள் சுவரோடு ஒட்டப்பட்டிருந்ததால் அவற்றைக் கழற்ற முடியவில்லை. வேலை நடந்த ஆண்டுகள் முழுவதும் அவை பெட்டிபோன்ற தடுப்புக்குள் அங்கேயே இருந்தன.

ஆம்பல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அடுத்த ஆண்டு ஹியூஸ்டன் போகும் வாய்ப்பு இருக்கிறது. சேப்பலை எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

வெயில்முற்றம் எழுதியது:

மேகம் வந்து வந்து விலகும் நாளாகப் பார்த்துப் போங்கள், குறைந்தது ஒரு மணி நேரம் இருங்கள். முதலில் வெறும் கறுப்பாகத் தெரியும் படங்களில், வெளிச்சம் மாறும்போது ஊதா மெல்ல எழும்பி வரும்.