இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் கொழுப்பையும் அட்ரினலின்தான் உடைக்கிறதா?

கேள்வி (பயோகெம் மாணவி):
எம்.எஸ்சி. முதல் ஆண்டு படிக்கிறேன். கொழுப்புத் திசுவில் நடப்பது ஓரளவு புரிகிறது. பட்டினி கிடந்தால் அட்ரினலின் கூடும், ட்ரைகிளிசரைடு (சேமித்த கொழுப்பு) கொழுப்பு அமிலமும் கிளிசராலுமாக உடைந்து ரத்தத்துக்குப் போகும், சாப்பிட்டதும் இன்சுலின் வந்து அதை நிறுத்தும். ஆனால் இதயத் தசைச் செல்லின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றில், மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டி ஒட்டிக் கொழுப்புத் துளிகளைப் பார்த்தேன். வகுப்பில் கேட்டால் "இதயம் கொழுப்பை எரிக்கும், சேமிக்காது" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் அந்தத் துளிகள் எதற்கு? அவற்றை உடைக்கச் சொல்வது எந்த ஹார்மோன்?

பதில் 1 (பழைய வாத்தியார்):
நல்ல கேள்வி, விடாதீர்கள். கொழுப்புத் திசுவைக் குதிர் என்று வைத்துக்கொண்டால், இதயச் செல்லில் இருப்பது அடுப்புப் பக்கத்து அரிசிப் பானை. கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் நாள் முழுக்கப் போட்டு எடுத்துக்கொண்டே இருக்கும். இதயத்துக்கு இது ஏன் தேவை என்றால், கையிருப்பில் உள்ள ஏடிபி, அதாவது செல் நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு, ஏறக்குறைய 10 நொடித் துடிப்புக்குத்தான் காணும். அதை ஓயாமல் நிரப்ப வேண்டும், அதில் பெரும்பங்கு, சாதாரண நிலையில் 60 முதல் 70 சதவீதம் வரை, கொழுப்பு அமிலத்திலிருந்துதான் வருகிறது.

சரி, ஹார்மோனுக்கு வருவோம். பரிவு நரம்பு முனையிலிருந்து வரும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் வரும் அட்ரினலினும் இதயச் செல்லின் மேலுள்ள பீட்டா-1 ஏற்பியில் உட்காரும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடும், மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும் நொதியான புரோட்டீன் கைனேஸ் ஏ விழித்துக்கொள்ளும். அதே கைனேஸ் ஒரு பக்கம் கால்சியம் ஓட்டத்தை முடுக்கித் துடிப்பை வலுவாக்குகிறது, இன்னொரு பக்கம் கொழுப்புத் துளியை உடைக்க வழிவிடுகிறது. வேலை கூடும்போதே அதற்கான எரிபொருளும் வந்து சேர்கிறது பாருங்கள், 30 வருடம் பாடம் எடுத்தும் இந்த இடம் எனக்கு அலுக்கவில்லை.

கொழுப்புத் திசுவுக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம் துளியின் மேல் போர்த்தியிருக்கும் புரதம். அங்கே பெரிலிபின் 1, இங்கே பெரிலிபின் 5. இது கொழுப்பை வெட்டும் ஏடிஜிஎல் என்ற நொதியையும் அதன் துணைப் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், கைனேஸ் வந்து பாஸ்பேட் ஒட்டினால்தான் உடைப்பு வேகமெடுக்கும். பெரிலிபின் 5 இல்லாத எலியின் இதயத்தில் துளிகளையே காண முடியவில்லை, காவல் இல்லாமல் எல்லாம் எரிந்துபோய்விடுகிறது.

இன்சுலின் இதயத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து ஆளுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கொழுப்புத் திசு என்ற குதிரின் கதவை மூடிவிடும், ரத்தத்தில் கொழுப்பு அமிலம் குறையும். இதயச் செல்லில் குளுக்கோஸ் கதவைத் திறக்கும், மலோனைல் கோஏ என்ற தடுப்பு மூலக்கூறு கூடி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு நுழைவது மட்டுப்படும். சர்க்கரை நோயில் குதிர் மூடுவதில்லை, அதனால் இதயத்துக்கு வேண்டியதற்கு மேல் கொழுப்பு வந்து குவிகிறது.

பதில் 2 (லேப் அண்ணன்):
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் நான் இதில் ஒரு வருடம் வீணாக்கினேன். இதயத்தில் கொழுப்பு உடைவதை அளக்க கிளிசராலைத்தான் பார்ப்பார்கள், இதயச் செல்லில் கிளிசராலை மறுபடி பயன்படுத்த உதவும் கிளிசரால் கைனேஸ் நொதி மிகக் குறைவு என்பதால் உடைந்து வந்த கிளிசரால் திரும்பப் பயன்படாமல் வெளியே வந்துவிடும். எலி இதயத்தை எடுத்து லாங்கென்டார்ஃப் முறையில் திரவம் செலுத்தி அட்ரினலின் போல பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோப்ரோடெரினால் மருந்தைக் கொடுத்தேன், கிளிசரால் ஏறியது, சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, இதயத்தின் மேலே ஒட்டியிருக்கும் கொழுப்புத் திசுவும் அதே மருந்துக்கு உடையும், வந்த கிளிசரால் எதனுடையது? செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதி போட்டுச் செல்களைத் தனியாகப் பிரித்துச் செய்தால்தான் தசைச் செல்லைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். கட்டுரை படிக்கும்போது முழு இதயமா தனிச் செல்லா என்று முதலில் பாருங்கள்.

பயோகெம் மாணவி:
நன்றி சார், நன்றி அண்ணா. உடைப்பே நடக்காமல் போனால் என்ன ஆகும்? கொழுப்பு சும்மா கிடந்துவிட்டுப் போகாதா?

பதில் 3 (கார்டியாலஜி பிஜி):
கிடக்காது, இதயம் செயலிழக்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ருடால்ஃப் செக்னர் குழு 2006-இல் ஏடிஜிஎல் மரபணு இல்லாத எலிகளைப் பற்றி வெளியிட்டது: இதயம் முழுக்கக் கொழுப்பு, சில மாதங்களிலேயே இறப்பு. துளி இடத்தை அடைப்பதுதான் பிரச்சினை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2011-இல் அதே குழு காட்டியது வேறு. துளியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் கொழுப்பு அமிலம் எரிபொருள் மட்டுமில்லை, பிபிஏஆர் ஆல்ஃபா என்ற ஏற்பியைத் தூண்டி மைட்டோகாண்ட்ரியாவைப் பராமரிக்கும் மரபணுக்களை ஓட வைக்கிறது. அந்த ஏற்பியைத் தூண்டும் மருந்து கொடுத்ததும் எலிகள் பிழைத்தன. மனிதர்களிலும் இந்த மரபணுக் குறை உண்டு, 2008-இல் ஜப்பானில் இதயமாற்று தேவைப்பட்ட ஒரு நோயாளியிடம் கண்டறிந்து எழுதினார்கள்.

இன்னொன்று, ஹார்மோன் இதயத்துக்கு வருவது மட்டும் இல்லை, இதயத்திலிருந்தும் போகிறது. 1981-இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் கண்டுபிடித்த ஏஎன்பி என்ற ஹார்மோன், ஏட்ரியம் (இதய மேலறை) விரியும்போது சுரந்து, மனிதக் கொழுப்புத் திசுவில் சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேறொரு செய்தி மூலக்கூறு வழியாகக் கொழுப்பை உடைக்கச் சொல்லும். இன்சுலினால் சைக்ளிக் ஏஎம்பி குறைந்திருந்தாலும் இந்த வழி தனியாக நடக்கும். எலியின் கொழுப்புச் செல்லில் இது பெரிதாக எடுபடாது, ஹார்மோனைப் பிடித்து அகற்றும் ஏற்பி அங்கே அதிகம். அதனால் எலியில் பார்த்ததை அப்படியே மனித இதயத்துக்கு எழுதிவிடாதீர்கள்.