தனியாகப் பொறுப்பேற்கும் முதல் திருமணம்: எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

கேள்வி (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்து, லைட் பிடிப்பது முதல் ஆல்பம் வடிவமைப்பது வரை கற்றுக்கொண்டேன். மூத்தவர்களுக்குத் துணையாக இரண்டாவது கேமராவிலும் எடுத்திருக்கிறேன். வரும் ஆவணியில் முதன்முறையாக ஒரு திருமணத்தை முழுப் பொறுப்புடன் எடுத்துத் தர ஒப்புக்கொண்டுள்ளேன். மணமகன் வீட்டார் காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்தவர்கள். மணமகள் வீட்டார் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வசிக்கும், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தினர். மண்டபத்தில் முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் அதிகாலை 4.30 மணியிலிருந்து 6 மணிக்குள் முகூர்த்தம். வீடியோவை வேறொரு குழுவினர் எடுக்கிறார்கள்.

என்னிடம் ஏபிஎஸ்-சி (முழு அளவைவிடச் சிறிய) சென்சார் கேமரா ஒன்று, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஃபிளாஷ் ஒன்று இருக்கின்றன. கையிலுள்ள பணத்தில், தூரத்தில் இருப்பதை நெருக்கமாகக் காட்டும் 70-200 லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா, அல்லது வேறு எதற்காவது செலவிடுவது நல்லதா? விடியாத நேரத்து முகூர்த்தத்தில் வெளிச்சத்தை எப்படிச் சமாளிப்பது? வீட்டாரிடம் முன்கூட்டியே எவற்றைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (தருமபுரி)

தம்பி, 70-200 லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். உங்களிடம் ஒரே ஒரு கேமராதான் இருக்கிறது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டிய குறை. தாலி கட்டும் நேரத்தில் அது நின்றுபோனால் எந்த லென்ஸும் உதவாது. அந்த நிமிடத்தை யாராலும் திரும்ப நடத்திக் காட்டவும் முடியாது. ஆகவே அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, உங்கள் லென்ஸ்கள் பொருந்தக்கூடிய இன்னொரு பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமரா), 17-50 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றையும் இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்; உங்களிடமுள்ள 18-55 லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும், எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 50 எம்எம் லென்ஸ் உங்கள் கேமராவில் ஏறத்தாழ 75 எம்எம் அளவுக்குச் சற்று நெருக்கமான காட்சியைத் தரும் என்பதால், மேடைக்குக் கீழிருந்து முகங்களை எடுக்க அதுவே போதுமானது. வாடகைக் கேமராவை ஒரு நாள் முன்னதாகவே வாங்கி, தேதியையும் நேரத்தையும் உங்கள் கேமராவோடு நொடி பிசகாமல் ஒத்துவையுங்கள். இல்லையென்றால் இரண்டு கேமராப் படங்களையும் வரிசைப்படுத்தும்போது மாலை மாற்றுவதற்கு முன்பே மெட்டி அணிவிப்பது வந்து நிற்கும்.

இனி வெளிச்சம். விடிவதற்கு முன் நடக்கும் முகூர்த்தத்தில் இயற்கை ஒளி என்பதே கிடையாது. மண்டப விளக்குகளும் வீடியோக்காரரின் எல்இடி விளக்கும்தான் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஃபிளாஷ் இல்லாமல் ஷட்டர் வேகத்தை 1/250, 1/500 (நொடியில் 250-இல், 500-இல் ஒரு பங்கு) என்று வைத்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் வரும், சில படங்களில் குறுக்கே பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மிரர்லெஸ் கேமரா என்றால் எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்துக்குள் பயன்படுத்தவே வேண்டாம். வரவேற்பு மேடையின் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால், விருந்தினர் வருவதற்கு முன்பே இரண்டு மூன்று வேகங்களில் எடுத்துப் பார்த்து, எதில் கோடுகள் விழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பி அடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பெரிய மண்டபங்களில் கூரை மிக உயரம். சிலவற்றில் மரப் பலகையோ வண்ணச் சாயமோ இருக்கும். முழுச் சக்தியில் அடித்தும் முகத்துக்கு ஒளி வந்து சேராது. அதைவிட முக்கியமாக, முழுச் சக்தியில் ஒருமுறை அடித்த ஃபிளாஷ் மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நொடிகள் ஆகலாம். மூன்று முடிச்சும் விழுந்து முடிய அதற்கு மேல் சில நொடிகள்தான் ஆகும் என்பதால், முதல் படம் மட்டும் நன்றாக வந்து அடுத்தவை இருட்டாகிவிடும். ஆகவே கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200-க்கு உயர்த்துங்கள். ஃபிளாஷை முழுச் சக்தியில் 1/8 அளவுக்கு இறக்குங்கள். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பு பேட்டரிகளைப் புதிதாக மாற்றுங்கள். படத்தில் சிறிது புள்ளி தெரிவதால் எந்தக் குடும்பமும் வருந்தியதில்லை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் பிறகு ஓரளவு சரிசெய்யலாம்.

தாலி கட்டும்போது எங்கே நிற்பது என்பதை முந்தைய நாள் இரவே மேடையில் ஏறிப் பார்த்து முடிவு செய்யுங்கள். நேர் எதிரே நின்றால் மணமகனின் கைகளும் மாலையும் மணமகளின் முகத்தை மறைத்துவிடும். சற்றுப் பக்கவாட்டில், ஒரு சிறிய ஸ்டூல் மேல் நின்றால் அவருடைய முகம், மணமகனின் விரல்கள், பின்னால் நின்று மூன்றாம் முடிச்சைப் போடும் நாத்தனார் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் அமையும். எஃப் 4 வைத்தால் மூவருமே தெளிவாக இருப்பார்கள். கெட்டி மேளம் ஒலித்ததும் உறவினர்கள் எழுந்து அட்சதை தூவுவார்கள். அப்போது கேமராவின் தானியங்கிக் குவியம் (ஆட்டோ ஃபோகஸ்) முன்னால் பறக்கும் அரிசியையும் பூவையும் பிடித்துக்கொள்ளும். குவியத்தின் ஒற்றைப் புள்ளியை மணமகளின் கண்ணிலோ நெற்றிச்சுட்டியிலோ நிறுத்திப் பூட்டிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

வீடியோ குழுவினரிடம் முந்தைய நாளே மரியாதையாகப் பேசிவிடுங்கள். "நீங்கள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்று ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சு அது. பேசாமல் விட்டால் உங்கள் படங்களிலெல்லாம் அவர் முதுகு இருக்கும், அவர் வீடியோவிலெல்லாம் உங்கள் முதுகு இருக்கும்.

பதில் 2 (ஓசூர்)

மேலே அண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஃபிளாஷ் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஃபிளாஷின் ஒளி வெண்மையானது, பல மண்டபங்களின் விளக்குகள் மஞ்சள் சாய்ந்தவை. இரண்டும் கலக்கும்போது முகம் ஒரு நிறமாகவும் பின்னணி வேறு நிறமாகவும் வரும். எந்த மென்பொருளிலும் இதை எளிதாகச் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷின் முன் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒத்துவரும், விலையும் மிகக் குறைவு. வீடியோ விளக்கு மேடையில் நன்றாக இருந்தால், என் விருப்பம் ஃபிளாஷை முற்றிலும் அணைத்துவிட்டு 1/100-இல் எடுப்பதுதான். ஹோமப் புகைக்குள் ஃபிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரையாக எழுந்து முகத்தை மறைத்துவிடும்.

உங்கள் கேள்வியில் நான் முக்கியமாகக் கருதுவது மணமகள் வீட்டாரைப் பற்றிய வரி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கமெல்லாம் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன. சடங்குகளின் வரிசையும் வீட்டுக்கு வீடு மாறும். தெலுங்குக் குடும்பங்களில் சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து வெற்றிலையில் வைத்து, சரியான முகூர்த்த நேரத்தில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். பெரும்பாலும் இருவருக்கும் இடையே ஒரு திரை பிடிக்கப்பட்டிருக்கும். அவர்களைப் பொறுத்தவரை திருமணத்தின் மையமே அந்தக் கணம்தான். தாலி அதற்குப் பிறகு வருகிறது. தமிழ் முறை மட்டும் தெரிந்தவர் தாலிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதே இது முடிந்துபோய்விடும். திரை விலகி இருவரும் பார்த்துக்கொள்ளும் நொடியையும் தவற விடாதீர்கள். அதற்குப் பின் மஞ்சள் கலந்த அரிசியை மாறி மாறித் தலையில் கொட்டும் தலம்பிராலு வரும். வெட்கம் விலகி இருவரும் மனம் விட்டுச் சிரிப்பது அப்போதுதான், ஆகவே 1/200-க்குக் குறையாத வேகத்தில், வேண்டுமானால் ஃபிளாஷ் வைத்தே எடுங்கள். கன்னடக் குடும்பத் திருமணம் கிடைத்தால் தாரை வார்க்கும் சடங்கைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரு வீட்டு வழக்கங்களும் சேரும் திருமணம் என்பதால், எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள் என்பது புரோகிதருக்கும் இரு வீட்டுப் பெரியவர்களுக்கும்தான் தெரியும். ஒரு தாளில் வரிசையாக எழுதி வாங்குங்கள்.

பதில் 3 (கிருஷ்ணகிரி)

நான் பெண் புகைப்படக் கலைஞர். மணமகள் அறையிலிருந்துதான் என் வேலை தொடங்கும் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன், தம்பி. அதிகாலை முகூர்த்தம் என்றால் அலங்காரம் 2 மணிக்கே தொடங்கிவிடும். ஜடை பின்னுவது, ஒட்டியாணம் பூட்டுவது, அம்மா நெற்றியில் பொட்டைச் சரிசெய்வது ஆகியவை ஆல்பத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் பக்கங்கள். ஆனால் அந்த அறைக்குள் ஆண்கள் நுழைவதை வீட்டார் விரும்பமாட்டார்கள், விரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. பெண் உதவியாளர் ஒருவரை அந்த இரண்டு மணி நேரத்துக்காவது அழைத்து வாருங்கள். முடியாவிட்டால், புடவை உடுத்தி முடித்த பின் அம்மாவோ அக்காவோ அழைத்தால் மட்டும் உள்ளே சென்று, கதவைத் திறந்தே வைத்து எடுங்கள். அறையின் டியூப் லைட்டை நம்பாமல், ஒப்பனைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள விளக்கின் பக்கம் மணமகளின் முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள்.

ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முகத்தை வெளுப்பாக்கித் தராதீர்கள். நம் ஊர்ப் பெண்களின் மாநிறத்தையும் கருநிறத்தையும் மென்பொருளில் சுண்ணாம்பு பூசியதுபோல் மாற்றுவதைச் சிலர் சேவையாகவே நினைக்கிறார்கள். அப்படிச் செய்த ஆல்பத்தில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், பக்கத்தில் நிற்கும் அப்பா இன்னொரு நிறம். கருநிற முகத்துக்கும் பட்டு வேட்டியின் வெண்மைக்கும் ஒரே சட்டத்தில் இடம் தர வேண்டுமென்றால், வேட்டியின் மடிப்பு தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சத்தை வைத்து, முகத்துக்குப் பக்கவாட்டிலிருந்து மென்மையான ஒளியைக் கொடுங்கள். நிறம் உண்மையாக இருக்கும், தோலின் பொலிவும் தெரியும்.

குடும்பக் குழுப் படங்களுக்கு இரு வீட்டிலும் உறவுகளை அறிந்த ஒருவரைக் கேட்டு வாங்கி அருகில் நிறுத்துங்கள். தாய்மாமன் நிற்கும் படம் விடுபட்டால் அது பெரிய மனக்குறையாகிவிடும். பாட்டி தாத்தாக்களை மேடைக்கு ஏற்ற முடியாவிட்டால், அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே மணமக்களை அழைத்துச் சென்று எடுங்கள். பந்தி பரபரப்பு தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

நலங்கோ பந்தக்கால் நடுவதோ ஊரில் வீட்டு வாசலில் நடந்தால், சாமியானா துணியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, பச்சைத் துணிகளின் கீழ் வெயில் நேரத்தில் முகமெல்லாம் அந்த நிறமாகவே வரும். முடிந்தவரை வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பந்தலின் விளிம்புக்கு மணமகளை நகர்த்துங்கள்.

பதில் 4 (அரூர்)

ஒப்பந்தம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் எழுதினாலே போதும்: எந்தெந்த நிகழ்ச்சிகள், எத்தனை மணி வரை, ஆல்பம் எத்தனை தாள், எப்போது தருவீர்கள், முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. மீதியில் பெரும்பகுதியைத் திருமண நாளுக்குள் வாங்கிவிடுவது நல்லது. ஆல்பம் வாங்க வரும்போது தருவதாகச் சொல்லும் பணம் மாதக்கணக்கில் இழுபடும். படங்களை இணையத்தில் பகிர அனுமதி உண்டா என்பதையும் எழுதுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தது நாம்தான் என்பதால் நம் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடாது.

ட்ரோன் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழில்ரீதியாகப் பறக்கவிட, ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ் தேவை. சான்றிதழ் உள்ளவரையே அழைத்துக்கொள்ளுங்கள்.

திருமணத்துக்குப் பின் ஒகேனக்கல்லில் வெளிப்புறப் படம் என்று பலரும் கேட்பார்கள். ஆவணியில் அதை உறுதியாக வாக்களிக்காதீர்கள். கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறந்துவிடும் காலம் அது. காவிரியில் வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை விதித்துவிடும். தடை இல்லாத நாளிலும் ஈரப் பாறையின் மேல் பட்டுப்புடவையோடு நிற்கச் சொல்ல வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் யானை நடமாட்டம் உள்ளவை; வனத்துறை அனுமதியின்றி காப்புக்காட்டுக்குள் யாரையும் அழைத்துச் செல்லக் கூடாது. மாற்றாகக் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவையோ, உரிமையாளர் அனுமதியுடன் ஒரு மாந்தோப்பையோ எழுதி வையுங்கள். மாலை 5 மணிக்கு மேல் மாமரங்களுக்கிடையே வரும் சாய்ந்த வெயிலில் முகங்கள் மிக அழகாக அமையும்.

இத்தொழிலில் நுழையும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தைத் திருமணம் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைவடைய வேண்டும். ஐயம் எழுந்தால் வயதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அத்தகைய திருமணத்தை நடத்துவோருக்கும் உடந்தையாக இருப்போருக்கும் 2 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். முன்பணம் வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் தகவல் சொல்லுங்கள். ஒரு சிறுமியின் படிப்பையும் உடல்நலத்தையும் விட எந்த ஆர்டரும் பெரிதில்லை.

கேள்வி கேட்டவர் (பாலக்கோடு)

அனைவருக்கும் நன்றி. வாடகைக்கு இரண்டாவது பாடியும் எஃப் 2.8 லென்ஸும் எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். மணமகளின் சித்தப்பாவிடம் சடங்கு வரிசையைக் கேட்டிருக்கிறேன். சீரகம்-வெல்லம் உண்டு என்று உறுதியாகச் சொன்னார். இன்னும் ஒரே ஓர் ஐயம். என் கேமராவில் மெமரி கார்டு போட ஓர் இடம்தான் இருக்கிறது. பெரிய கார்டு ஒன்றா, சிறியவை பலவா?

பதில் 1 (தருமபுரி)

சிறியவை பல. 64 ஜிபி கார்டுகளாக வாங்கி, வரவேற்புக்கு ஒன்று, மணமகள் அறைக்கு ஒன்று, முகூர்த்தத்துக்குப் புதியது ஒன்று என்று பிரித்துவிடுங்கள். முகூர்த்தக் கார்டில் முந்தைய படம் எதுவும் இருக்கக் கூடாது. சடங்கு நடுவே கார்டு நிரம்பிவிட்டால் மாற்ற நேரம் கிடைக்காது. முகூர்த்தத்தின்போது இரு கேமராக்களிலும் மாறி மாறி எடுங்கள்; ஒரு கார்டு கெட்டாலும் மற்றதில் சில படங்களாவது இருக்கும். வரவேற்பு முடிந்த இரவே மண்டபத்தில் உட்கார்ந்து மடிக்கணினியிலும் தனி ஹார்டு டிஸ்கிலும் ஏற்றி, ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுப் படுங்கள். திருமணம் முடிந்து ஊர் திரும்பும்போது ஹார்டு டிஸ்க் ஒரு பையிலும் கார்டுகள் உங்கள் சட்டைப் பையிலும் இருக்கட்டும். ஆல்பத்தை வீட்டார் கையில் கொடுக்கும் வரை எந்தக் கார்டையும் அழிக்க வேண்டாம்.