ஓடர் வருது, காசு நிக்கேல்ல – ஒன்லைன்ல சின்னதா யாவாரம் செய்யிற ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை_நிலா:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பு 6ல இருந்து பேஸ்புக்கிலயும் இன்ஸ்டாவிலயும் கொட்டன் குர்தா டொப் விக்கிறன். சாமான் எடுக்கிறது புறக்கோட்டையில, வீட்டிலயே பார்சல் கட்டி கூரியர்ல சிஓடியில (பார்சல் கைக்குப் போனாப் பிறகு காசு) அனுப்புறது. ஓடர் பரவாயில்ல, போஸ்ட் போட்டா கொமென்ட் வருது, ஆக்கள் கேக்கினம். ஆனா மாசக் கடைசியில பாத்தா கையில ஒண்டும் இல்ல, அம்மா வேற "உவ்வளவு பார்சல் போகுது, காசு எங்க பிள்ள" எண்டு கேக்கிறா, எனக்கே விளங்கேல்ல.

ஒரு டொப் 1450க்கு எடுத்து 2450க்கு விக்கிறன். மற்ற பேஜ் எல்லாம் ஃப்ரீ டெலிவரி எண்டு போடினம் எண்டதால நானும் அப்பிடித்தான் போட்டிருக்கிறன். கூரியருக்கு ஒரு பார்சல் 400, திரும்பி வந்தா இன்னும் 200 எடுப்பினம். பையும் ஸ்டிக்கரும் 35 போகும், பூஸ்ட் (போஸ்ட்ட விளம்பரமாக் காட்ட பேஸ்புக்குக்குக் கட்டுற) காச ஓடருக்குப் பிரிச்சா ஒரு 180 வரும். யூடியூப்பில பாத்தா எல்லாரும் பிராண்ட் பில்ட் பண்ணுங்க, டெய்லி போஸ்ட் போடுங்க எண்டுதான் சொல்லினம், அதெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறன். வேற என்ன பாக்கோணும்? பதிவு செய்யோணுமா, வெப்சைட் ஒண்டு தேவையா, இல்லாட்டி டராஸ் மாதிரி ஒன்லைன் சந்தையில போடுறதா? அனுபவம் உள்ள ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

கெய்சர்வீதிக்காரன்:

தங்கச்சி, வெப்சைட் டராஸ் எல்லாம் பிறகு பாப்பம். எல்லா விலையும் எழுதியிருக்கிறீங்க, ஒண்ட மட்டும் எழுதேல்ல. நூறு பார்சல் அனுப்பினா எத்தின திரும்பி வருது?

நீங்க தந்த கணக்கையே போட்டுப் பாருங்க. வித்தியாசம் 1000, அதில கூரியர் 400, பை 35, பூஸ்ட் 180 கழிச்சா ஒழுங்காப் போய்ச் சேந்த ஒரு பார்சல்ல உங்களுக்கு நிக்கிறது 385. ஆயிரம் இல்ல. திரும்பி வாற பார்சல்ல போக 400, வர 200, பை 35, பூஸ்ட் 180, மொத்தம் 815 கையால போகுது, அதுவும் டொப் கசங்காம ஊத்தை படாம வந்து திருப்பி விக்கலாம் எண்டு வச்சுக்கொண்டுதான். இப்ப நூறு ஓடர்ல 10 திரும்பினா 26,500 லாபம். 25 திரும்பினா அதே நூறு ஓடருக்கு 8,500 தான். 32 திரும்பினா நூறு ரூபா மிஞ்சும், ஒரு பிளேன்ரீயும் பணிசும் சாப்பிடலாம். ஓடர் கூடக் கூட நல்லம் எண்டு நினைக்கிறது இதாலதான் பிழையாப் போறது, மூண்டில ஒண்டு திரும்புற பேஜுக்கு பூஸ்ட்ட ரெண்டு மடங்காக்கினா வேலை மட்டும்தான் ரெண்டு மடங்காகும்.

இன்னொண்டு, வீட்டுக் காசும் யாவாரக் காசும் ஒரே எக்கவுண்ட்லயா கிடக்கு? அப்பிடியெண்டா இந்தக் கணக்கு ஒருநாளும் கண்ணில படாது. தனி எக்கவுண்ட் ஒண்டு திறவுங்க. கூரியர்காரர் போடுற சிஓடி காசு அதுக்குள்ளதான் வரோணும், சாமானுக்கும் அதுக்குள்ள இருந்துதான் குடுக்கோணும், உங்கட சம்பளம் எண்டு மாசம் ஒருதரம் ஒரு தொகை எடுங்க, சின்னத் தொகையா இருந்தாலும் பரவாயில்ல. கரண்ட் பில்லுக்கும் அதில கை வைக்கப்படாது.

ஸ்டொக்கையும் பாருங்க. இங்க புறக்கோட்டையில கடைக்காரர் "இந்தக் கலர் ஓடும், பத்து செட் எடு, காசு பிறகு தா" எண்டு அன்பாத்தான் சொல்லுவார். நானும் கடைக்காரன்தான், ஓடாத கலரத்தான் நாங்க அப்பிடிக் கடனுக்குத் தள்ளுறது 😄 நாலு எடுங்க, முடிஞ்சா திரும்ப வாங்க, வெள்ளவத்தையில இருந்து காலி வீதியால பஸ் பிடிச்சா எவ்வளவு தூரம்.

பதிவு நல்லது, வியாபாரப் பேரில வங்கிக் கணக்கு திறக்க அது கேப்பாங்க. கிராம அலுவலர்ட உறுதிப்படுத்தல் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்க. ஆனா அது உங்கட இந்தப் பிரச்சினைக்கு மருந்தில்ல.

பார்சல்_பொடியன்:

அண்ணை சொன்ன கணக்கு சரி. நான் கூரியர் பிராஞ்ச் ஒண்டில சோர்ட்டிங்ல நிண்டனான், ஏன் திரும்புது எண்டு உள்ளுக்க இருந்து பாத்தத சொல்லுறன்.

கஸ்டமர் வேணாம் எண்டு சொல்லித் திருப்புறது ஒரு பக்கம், ஆள் போன் எடுக்காம திரும்புறதுதான் கண்ணுக்குத் தெரியாமக் கூடிப்போறது. ரைடர் தெரியாத நம்பர்ல இருந்து அடிப்பான், கஸ்டமர் ஏதோ லோன் தாறவங்கள் எண்டு கட் பண்ணும், அவனுக்கு இன்னும் எத்தினையோ பார்சல் கிடக்கு, "நோ ஆன்சர்" எண்டு போட்டுட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அதால பார்சல் வெளிக்கிடுற நாள் நீங்களே கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில ஒரு வொய்ஸ் போடுங்கோ, இண்டைக்கு நாளைக்குள்ள வரும், புது நம்பர்ல கோல் வந்தா எடுங்கோ, 2450 மாத்தி வையுங்கோ எண்டு. ரெண்டாவது நம்பர் ஒண்டும் கேட்டு வாங்குங்கோ.

அட்ரஸ் இன்னொரு கூத்து. கொச்சிக்கடை எண்டு மட்டும் எழுதியிருப்பினம். கொழும்பு 13ல அந்தோனியார் கோயிலடியும் கொச்சிக்கடைதான், நீர்கொழும்புக்கு அங்கால இருக்கிறதும் கொச்சிக்கடைதான். பார்சல் நீர்கொழும்புப் பக்கம் போய் நிண்டு, அங்க இருந்து திரும்பி, பிறகு கொட்டாஞ்சேனைக்கு வர கஸ்டமருக்கு ஆசையே போயிடும். கொழும்பெண்டா 4, 6, 13, 15 எண்டு நம்பர் கட்டாயம் கேளுங்கோ, வெளியெண்டா கிட்ட இருக்கிற டவுனையும் மாவட்டத்தையும் கேளுங்கோ. ஃபிளாட் எண்டா மாடியும் வேணும், ரைடர் கீழ நிண்டு செக்கியூரிட்டியோட வாக்குவாதப்படத்தான் நேரம் சரி.

போயா (பௌர்ணமி) லீவும் சனி ஞாயிறும் சேந்து வாற கிழமையில வியாழன் வெள்ளி பார்சல் போடாதேங்கோ, பிராஞ்சிலயே கிடக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் எண்டா சொல்லத் தேவையில்ல, கொழும்பில பாதிச் சனம் ஊருக்குப் போயிடும், கொழும்பு அட்ரஸுக்குப் போற பார்சல் அப்பிடியே திரும்பும். ஓடர் எடுக்கேக்குள்ளயே கேளுங்கோ, அந்தக் கிழமை எங்க நிப்பீங்கள் எண்டு.

மிளகாய்த்தூள்_அக்கா:

நான் கொட்டாஞ்சேனை. மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல் மா எல்லாம் வாட்ஸ்அப்பிலதான் போகுது. நான் சிஓடியே குடுக்கிறதில்ல. காசு போடுங்க, நான் இடிச்சு அனுப்புறேன், அவ்வளவுதான். கொஞ்சப் பேர் போவாங்க, போகட்டும். நிக்கிறவங்க மாசாமாசம் வருவாங்க, அவங்களுக்கு பூஸ்டும் தேவையில்ல, மாசம் பொறந்தா "அக்கா வழமையான மாதிரி" னு ஒரு மெசேஜ் மட்டும் வரும்.

ஆனா ஸ்லிப் ஸ்கிரீன்ஷொட்ட நம்பிப் பார்சல் அனுப்பாதீங்க நிலா. பழைய ஸ்லிப்ல திகதிய மாத்தி அனுப்புறாங்க, அச்சு அசலா இருக்கும். பேங்க் ஆப்பத் திறந்து காசு விழுந்திருக்கானு பாத்துட்டுத்தான் பார்சலுக்கு டேப் ஒட்டணும். வேற பேங்க், நாளைக்குத்தான் வரும்னு ஒரு கதை சொல்வாங்க. சிஃப்ட்ஸ் (CEFTS, பேங்குக்குப் பேங்க் உடனே காசு மாத்துற முறை)ல போட்டா வேற பேங்க்னாலும் அந்த நேரமே வந்துரும், அது 2015ல இருந்தே இருக்கு.

வாட்ஸ்அப் பிஸ்னஸ்ல லேபிள் இருக்கு பாருங்க, காசு வரணும், காசு வந்துட்டு, அனுப்பியாச்சுனு ஒவ்வொரு சாட்டுக்கும் (chat) கலர் போட்டு வச்சா இரவு பதினொரு மணிக்குக் கொப்பி புரட்டத் தேவையில்ல. குயிக் ரிப்ளையும் மூணு மொழில எழுதி வைங்க. என்கிட்ட வாறவங்கள்ல பாதிப் பேர் "கீயத அக்கே"னு (எவ்வளவு அக்கா) சிங்களத்துலதான் தொடங்குவாங்க, அதுக்குத் தமிழ்ல பதில் போட்டுட்டு ஓடர் வரல்லனு யோசிச்சா எப்படி. அளவு, விலை, டெலிவரி, எக்கவுண்ட் நம்பர், எல்லாம் சிங்களத்துல ஒருக்கா யாரையாவது திருத்தச் சொல்லி சேவ் பண்ணிக்கங்க.

சாப்பாட்டுச் சாமான் விக்கிற யாராவது இத வாசிச்சா, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கேக்கும் வரைக்கும் நிக்காதீங்க, லேபிள்ல நிறை, செஞ்ச திகதி, முடியிற திகதி, விலை, உங்க விலாசம் எல்லாம் முதல் பக்கெட்லயே இருக்கட்டும்.

கெய்சர்வீதிக்காரன்:

அக்கா, உங்களுக்கு சரி, தூள் ஒருக்கா ருசி பட்டா ஆள் திரும்பி வரும். உடுப்பு அப்பிடியில்ல, துணியத் தொட்டுப் பாக்காம முகம் தெரியாத பேஜுக்கு ஆர் முதல்ல காசு போடுவாங்க? சிஓடிய ஒரேயடியா நிப்பாட்டினா நிலாவுக்கு ஓடரே நிண்டிடும்.

இடையில ஒரு வழி இருக்கு. முதல் தரம் எடுக்கிற ஆளிட்ட 2450ல டெலிவரிக் காசு அளவு 400 மட்டும் முன்னுக்கு வாங்குங்க, மிச்சம் சிஓடி. 400 போட்ட ஆள் போன் எடுக்கும்.

முற்பணம் வாங்குறதில இன்னொரு கவனம். சீனாச் சாமான் பிரீ ஓடர் எடுக்கிற ஆக்கள் 2022 மார்ச்சில என்ன பட்டாங்க எண்டு புறக்கோட்டையில கேளுங்க. டொலர் 200 சொச்சத்தில இருந்து மே மாசத்துக்குள்ள 360க்குப் போனது, பழைய விலைக்கு முழுக்காசும் வாங்கி வச்சவங்க சாமான எடுக்கவும் ஏலாம காசத் திருப்பவும் ஏலாம நிண்டாங்க. இறக்குமதிச் சாமானுக்கு விலை சொன்னா இத்தின நாளைக்குத்தான் இந்த விலை எண்டும் சேத்து எழுதுங்க.

டராஸ் பிழையில்ல, இன்னொரு கடை வாசல் எண்டு வைங்க. கொமிஷன் கழிப்பாங்க எண்டதால முதல் சொன்ன 385 கணக்க அதுக்குத் தனியாப் போட்டுப் பாத்திட்டு ஏறுங்க. அங்க வாற கஸ்டமர் டராஸ்ட கஸ்டமர், உங்கட வாட்ஸ்அப் லிஸ்ட்ல வராது.

சும்மா_ஒரு_கஸ்டமர்:

யாவாரம் தெரியாது, வாங்கத்தான் தெரியும். விலைய போஸ்ட்லயே போடுங்கோ. "இன்பொக்ஸ் பண்ணியாச்சு டியர்" எண்டு கண்டா நான் கீழ தள்ளிக்கொண்டு போயிடுவன், எத்தின பேர் அப்பிடிப் போகினம் எண்டு உங்களுக்குத் தெரியவும் வராது. எக்ஸ்எல் எண்டு எழுதாம மார்பளவு இத்தின இஞ்சி, நீளம் இத்தின இஞ்சி எண்டு போடுங்கோ. ஒரே பேஜில எடுத்த ரெண்டு எக்ஸ்எல், ஒண்டு எனக்கு அளவு, மற்றது என்ர தங்கச்சிக்குக் கூடக் காணாது.

வெள்ளவத்தை_நிலா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கூரியர்காரர்ட ஸ்டேட்மென்ட்ட எடுத்துப் பாத்தன், போன மாசம் கிட்டத்தட்ட மூண்டில ஒண்டு திரும்பியிருக்கு, அண்ணை சொன்ன பிளேன்ரீக் கணக்குத்தான். திரும்பினதில கனக்க முழு இலங்கைக்கும் பூஸ்ட் போட்ட ஒரு போஸ்ட்டில இருந்து வந்தது.

ரெண்டு கேள்வி. ஃப்ரீ டெலிவரிய எடுத்திட்டு 2090 சக டெலிவரி 400 எண்டு போடவா? மற்றது, ஒரு குரூப்பில பார்சல் எடுக்காத ஆக்களின்ர நம்பர் எல்லாம் லிஸ்டாப் போடினம், நானும் என்ர லிஸ்ட்டப் போடட்டா?

மிளகாய்த்தூள்_அக்கா:

நம்பர் போடுற வேலைக்குப் போகாதீங்க. அவங்க உங்ககிட்ட நம்பர் தந்தது பார்சலுக்கு. 2022ல 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்டு வந்திருக்கு, அத விடுங்க, அந்த லிஸ்ட்ட உங்க நல்ல கஸ்டமர் பாத்தா நாளைக்கு என் நம்பரும் இதில வருமேனுதான் யோசிப்பாங்க. உங்க போன்ல லேபிள் போட்டு வச்சுக்கங்க, அடுத்த தரம் அவங்க கேட்டா முழுக்காசும் முதல்ல.

கெய்சர்வீதிக்காரன்:

2090 சக 400 எண்டா 2490, கஸ்டமருக்கு விலை கூடினதுதான் தெரியும். 2450 அப்பிடியே இருக்கட்டும், அதுக்குக் கீழ "முதல்ல காசு போட்டா 2300" எண்டு எழுதுங்க. 150 விட்டுக்குடுத்தாலும் அந்தப் பார்சல்ல 235 நிக்கும், போனை எடுக்காமத் திரும்புற கதையும் அநேகமா இல்ல. இப்ப சிஓடியில 25 திரும்புற கணக்குக்கே ஓடருக்கு 85 தான் விழுது. மூண்டில ஒண்டெண்டா அதுவும் இல்ல, கையால போகும்.

பூஸ்ட்ட கொழும்பு, தெஹிவளை, வத்தளை எண்டு மட்டும் போட்டு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, ஸ்டேட்மென்ட் வந்ததும் திரும்புற கணக்க இங்க எழுதுங்க.

பார்சல்_பொடியன்:

வத்தளைக்குப் போடுறதெண்டா ஹெந்தளையா மாபோலையா எண்டு கேட்டிட்டுப் போடுங்கோ அக்கா.