பக்கத்து பக்கத்து நிலம், ஒண்ணு காடாயிடுச்சு, ஒண்ணு புல்லாவே நிக்குது, ஏன்?

பேகு தம்பி:
வணக்கம். பர்மாவுல பேகு யோமா மலை அடிவாரத்துல தாத்தா காலத்து நிலம் ரெண்டு துண்டு, குடும்பம் ரங்கூனுக்கு வந்தப்போ ரெண்டையும் ஒரே வருஷத்துல தான் விட்டோம். மேல் துண்டு தவுங்யா, வெட்டி எரிச்சு ஒரு போகம் ரெண்டு போகம் மலைநெல் போட்டுட்டு பல வருஷம் சும்மா விட்டுடுவாங்க. கீழ் துண்டுல வருஷா வருஷம் உழுது கடலை போட்டாங்க, அப்புறம் மாடு மேய்ச்சல், கோடையானா புல்லுக்கு தீ வைக்கிறது. இப்போ மேல மூங்கிலும் மரமுமா உள்ள நுழைய முடியல, கீழ தெக்கேங்கிற கூரைப்புல்லும் பீசாட்ங்கிற களைச்செடியும் தான். கீழயும் காடு வரணும்னு ரொம்ப ஆசை. கன்னு வாங்கி நட்டா போதுமா?

மோல்மேன் தோட்டக்காரன்:
தம்பி, கன்னு வாங்குறதுக்கு முன்னாடி புல்லை விலக்கி அடிக்கட்டை ஏதாச்சும் உசுரோட இருக்கான்னு பாருங்க. தவுங்யாவுல மரத்தை வெட்டுவாங்களே தவிர வேரை யாரும் தோண்ட மாட்டாங்க, தேக்கு அடிக்கட்டையில இருந்தே துளிர்க்கும், மூங்கில் கிழங்கு மண்ணுக்குள்ள பத்திரமா கிடக்கும், அதான் ஆளு நகர்ந்ததும் காடு எழுந்துடுச்சு. கீழ ஏர் ஓட்டி ஓட்டி வேரெல்லாம் போயிருக்கும், மண்ணுல கிடந்த மர விதையும் முளைச்சு முளைச்சு களையெடுப்புலயும் தீயிலயும் தீர்ந்திருக்கும், போதாததுக்கு மாடு மிதிச்சு மண்ணு இறுகிப்போச்சு. மேலாக்க பார்த்தா இதெல்லாம் தெரியாது.

காடு படிச்சவ:
அண்ணன் சொல்றது சரி. பிரேசில்ல மனாவுஸ் பக்கம் இதையே வருஷக்கணக்கா பார்த்திருக்காங்க. காட்டை வெட்டிட்டு மேய்ச்சலுக்கு விடாத இடத்துல செக்ரோப்பியா மரம் வந்துச்சு, அது நிழல்ல வேற வேற மரங்க சேர்ந்துச்சு. மேய்ச்சலாக்கி திரும்பத் திரும்ப எரிச்ச இடத்துல விஸ்மியா தான், எரிஞ்சாலும் துளிர்க்கிற ஜாதி அது, மத்ததுக்கு லேசுல இடம் விடல. 2021-ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு, அமெரிக்க கண்டங்கள்லயும் மேற்கு ஆப்பிரிக்காவுலயும் 77 இடம், விட்ட நிலத்துல மண்ணு வளம் 10 வருஷத்துக்குள்ள தேறிடுது, ஆனா மரவகைங்க பழையபடி ஆக 120 வருஷத்துக்கு மேல ஆகுதுங்கிறாங்க. அதுவும் ரொம்ப வாட்டி வதைக்காத நிலத்துக்கு தான் இந்த கணக்கு, உங்க கீழ் துண்டை அதோட ஒப்பிட்டு மனசு விட்டுடாதீங்க.

மோல்மேன் தோட்டக்காரன்:
முதல் வேலை தீயை நிறுத்துறது. தெக்கேக்கு வேர்க்கிழங்கு மண்ணுக்கடியில, எரிச்சா அதுக்கு கொண்டாட்டம், நிழல் விழுந்தா தான் சாகும். மாசி வர்றதுக்குள்ள சுத்தி அகலமா செதுக்கி தீக்கோடு போடுங்க. தானா முளைச்ச மரக்கன்னு தெரிஞ்சா குச்சி நட்டு அடையாளம் வச்சு, சுத்தி இருக்கிற புல்லை பலகையால மிதிச்சு சாய்ச்சிடுங்க, அறுத்தா சீக்கிரமே திரும்ப வந்துடும், சாய்ச்சா கொஞ்ச நாள் படுத்தே கிடக்கும். ஆலம்போத்து, அத்திப்போத்து கொஞ்சம் பெருசா வெட்டி மேல் துண்டை ஒட்டினாப்புல இருந்து நட ஆரம்பிங்க, பறவை உட்கார்ந்தா மேல இருந்து விதை தானா இறங்கும்.

பேகு தம்பி:
ரொம்ப நன்றிண்ணே, அக்கா. தீ வைக்கிறது பக்கத்து மாட்டுக்காரங்க, அவங்களை எப்படி தடுக்கிறது?

மோல்மேன் தோட்டக்காரன்:
தடுக்கப் போகாதீங்க, கூப்பிட்டு பேசுங்க. ரோட்டோர பட்டையை அவங்களுக்கே விட்டுடுங்க, மாடும் மேயட்டும், கூரைக்கு தெக்கேயும் அறுத்துக்கட்டும், எரிக்க மட்டும் வேணாம்னு கேளுங்க. அறுத்து எடுத்துட்டா எரியறதுக்கும் அங்க ஒண்ணும் மிஞ்சாது.