பொருள்: வெக்டர் கூட்டலுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தக்கலை, கணித ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெக்டர் இயற்கணிதத்தில் மார்க் போகும் இடங்களை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கப்போகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல் கிடைக்காமல் தாள் நிற்கிறது.

ஏ (2, 3), பி (5, 7) என்று இரண்டு புள்ளிகள். ஏபி வெக்டர் என்றால் ஏ-யிலிருந்து பி-க்குப் போகும் அம்பு: பி-யிலிருந்து ஏ-யைக் கழித்து (3, 4). பலர் மாற்றிக் கழித்து (−3, −4) என்று எழுதுகிறார்கள். எண்ணளவு, அதாவது அம்பின் நீளம், எப்படிக் கழித்தாலும் 5 என்றே வருவதால், சரிபார்க்கிற பிள்ளைக்கும் பிழை கண்ணில் படுவதில்லை.

அடுத்தது கூட்டல். ஒன்றின் அம்புமுனையில் அடுத்தது தொடங்க வேண்டும். ஏபி, பிசி சேர்ந்தால் ஏசி. ஆனால் ஏபி, ஏசி இரண்டும் ஏ-யிலிருந்தே கிளம்பும் படத்தைக் கண்டதும், இரண்டையும் கூட்டி 'பிசி' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே ஏசி-யிலிருந்து ஏபி-யைக் கழித்தால்தான் பிசி. 'முதல் வெக்டரின் முடிவுப்புள்ளியில் இரண்டாம் வெக்டரின் தொடக்கப்புள்ளி பொருந்துமாறு' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்பெஞ்சு வேறெங்கோ போய்விடுகிறது. 'தலை-வால்' என்று எழுத மனம் வரவில்லை. சின்னதாக ஒரு சொல் தாருங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புதுச்சொல் எதற்கு? அந்தாதி இருக்கிறதே! ஒரு பாட்டின் அந்தம் அடுத்த பாட்டின் ஆதி. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 பாட்டும் அப்படித்தான் கோத்துப் போகின்றன. இன்னொன்றும் உண்டு. அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கும். நூறாம் பாட்டு அதே சொல்லில் வந்து முடியும். இதை மண்டலித்தல் என்போம். ஏபி, பிசி, சிஏ மூன்றையும் கூட்டினால் பூச்சிய வெக்டர் வருகிறதல்லவா? புறப்பட்ட புள்ளிக்கே திரும்பிவிட்டோம், மண்டலித்துவிட்டது. 'அந்தாதிக் கூட்டல்' என்று போடுங்கள்.

குழித்துறை:

ஐயாவை மறுப்பதற்குப் பொறுத்தருள்க. அந்தமும் ஆதியும் வடசொற்கள். நன்னூல் நமக்கு ஈறு, முதல் என்று தந்திருக்கிறது. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சேர்வது போலத்தானே இதுவும்? 'ஈற்றுமுதல் கூட்டல்' என்போம். வெக்டர் என்பதையும் விட்டுவிட்டுத் 'திசையன்' என்று எழுதலாம். திசையில்லாததைத் 'திசையிலி' என்று தமிழில் சொல்லிவிட்டு, திசையுள்ளதை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்?

தக்கலை, கணித ஆசிரியர்:

புணர்ச்சியில் வரிசையை மாற்ற முடியாது. அந்தாதியிலும் பாட்டை மாற்றிப் போட்டால் தொடர் அறுந்துவிடும். வெக்டரில் எதை முதலில் வைத்தாலும் கூட்டல் ஒன்றுதான். இந்த வேறுபாட்டைத் தாளில் எழுதியே ஆக வேண்டும். 'திசையன்' எனக்குப் பிடிக்கும். ஆனால் வினாத்தாளில் 'வெக்டர்' என்று வரும்போது பிள்ளை தடுமாறக் கூடாது.

குளச்சல், இயற்பியல் ஆசிரியர்:

கூட்டலுக்குப் பெயர் வைக்கும் முன் இரண்டு முனைக்கும் பெயர் வையுங்கள் அண்ணாச்சி. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 'வாடைக்காற்றுக்கு அம்புக்குறி போடு' என்று சொல்லிப் பாருங்கள். கடல்காற்று தெரிந்த பிள்ளையே அம்பை வடக்கு நோக்கி வரைவான். வாடை வடக்கிலிருந்து வருவது. அம்பு தெற்கே பார்க்க வேண்டும். கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, அம்பு மேற்கே. காற்றுக்கு அது புறப்பட்ட இடத்தை வைத்து நாம் பெயர் சொல்கிறோம், வெக்டரின் அம்புமுனையோ போய்ச் சேரும் பக்கம் இருக்கிறது. ஏபி-யில் மாற்றிக் கழிக்கிற பிள்ளையும் இதே இடத்தில்தான் வழுக்குகிறான். அம்புமுனைக்கு 'அணியம்' என்று வைக்கலாம். படகின் முன்பக்கம் எது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குலசேகரம்:

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்கியாக வேண்டுமே! அடி, நுனி போதாதா? மரத்துக்கும் உண்டு, தூண்டிலுக்கும் உண்டு. முதலாவதன் நுனியில் அடுத்ததன் அடி: 'நுனியடிக் கூட்டல்'. கழிக்கும்போது 'நுனியில் இருந்து அடியைக் கழி' என்றால் முடிந்தது.

களியக்காவிளை:

எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் சதிசம், அதிசம் என்கிறார்கள். திசை உள்ளது, இல்லாதது. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. குழித்துறைக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் படித்தவர், இப்போது நாகர்கோவிலில்:

நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'காவி' என்றே படித்தோம். காவுதல் என்றால் சுமந்து செல்லல். வெக்டரின் இலத்தீன் வேரும் சுமப்பதுதான். புறநானூறு 206இல் ஔவையார் 'காவினெம் கலனே' என்கிறாரே.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஆகா! அந்தப் பாட்டின் கடைசி அடியையும் பாருங்கள்: 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே'. காவுதலும் திசையும் ஒரே பாட்டில்! அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது வாயிற்காவலனிடம் சொன்னது. இதைப் பற்றித் தனியே நீளமாக எழுதுகிறேன்.

தக்கலை, கணித ஆசிரியர்:

எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறேன். தாள் போய்விட்டது. குலசேகரத்தார் சொன்னபடி 'நுனியடிக் கூட்டல்'. மூடிய முக்கோணத்துக்குப் பக்கத்தில் அந்தாதிக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறேன், வரிசை பற்றிய எச்சரிக்கையோடு. வாடைக்காற்றும் படத்தோடு உண்டு. கடைசியாகத் தடித்த எழுத்தில்: மேலே அம்புக்குறி போடாவிட்டால் அது வெக்டர் ஆகாது, வெறும் நீளம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக 3, 4 நீளமுள்ள இரண்டு வெக்டர்களைக் கூட்டினால் எண்ணளவு 5; 7 அல்ல.

குழித்துறை:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'நுனியடி' என்பது 'நுனியும் அடியும்' என்று விரியும் உம்மைத்தொகையா, 'நுனியினது அடி' என்று விரியும் வேற்றுமைத்தொகையா? இரண்டாவதாகப் படிக்கிற பிள்ளை அம்பின் நுனியிலேயே அடியைத் தேடுவான். ஈற்றுமுதலில் இந்தச் சிக்கல் இல்லை.

குலசேகரம்:

'ஈற்றினது முதல்' என்று அதுவும் விரியுமே ஐயா.