மெய்நிகர் சாலைக்களம்: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் virtual traffic simulation என்பதற்குத் தமிழில் 'மெய்நிகர் போக்குவரத்துப் பாவனை' என்று வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். சொல்லை முடிவு செய்யும் முன் பொருளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பெரிய திரைகளுக்கு நடுவே இடம் பெயராத சைக்கிள் ஒன்று நிற்கும். பிள்ளை ஏறி மிதித்தால் திரையில் தெரு நகரும். சந்திப்பு வந்ததும் குறுக்கே கார்கள் வந்துகொண்டே இருக்கும். எந்த இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து கடப்பது என்று பிள்ளைதான் முடிவெடுக்க வேண்டும். 10, 12 வயதுச் சிறுவர்களையும் பெரியவர்களையும் இப்படிச் சோதித்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இரு தரப்பும் தேர்ந்தெடுத்த இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் சிறுவர்கள் கிளம்பத் தாமதித்தார்கள். கடந்து முடிக்கும்போது அடுத்த கார் நெருங்கிவிட்டது. நிஜ ரோட்டில் ஒரு பிள்ளையை நிறுத்தி இதை அளக்க யாருக்கு மனம் வரும்?

இதைப் பாவனை என்றால் இலங்கை வாசகர் 'பயன்பாடு' என்று படிப்பார். அங்கே பயனரே பாவனையாளர்தான். தமிழ்நாட்டில் பாவனை என்றால் நடிப்பு. அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. அதன் தயக்கம் நிஜமாக இருப்பதால்தான் ஆய்வுக்கே மதிப்பு. 'போலி'யும் உதவாது, போலி டாக்டர், போலிப் பத்திரம்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஜெர்மனியின் விண்வெளி மையம் உருவாக்கிய சூமோ (SUMO) போன்ற மென்பொருளில் வண்டி, சாலை, சிக்னல் எல்லாமே கணக்கு. பச்சை விளக்கு நேரத்தை மாற்றினால் வண்டி வரிசை எவ்வளவு நீளும் என்று அது சொல்லும். உள்ளே ஆள் கிடையாது. இதற்குப் 'போக்குவரத்து ஒப்புருவாக்கம்' சரி.

ஆள் உள்ளே இருக்கும் வகைக்கு 'மெய்நிகர் சாலைக்களம்' என்று முன்மொழிகிறேன். போர்க்களம், ஆடுகளம், நெற்களம், எல்லாவற்றிலும் ஆள் இறங்கி ஒன்றைச் செய்கிறார். கார் ஓட்டுவோருக்கான கருவியை மெய்நிகர் ஓட்டுகளம் எனலாம், நடந்து கடப்போருக்கானதை மெய்நிகர் கடவைக்களம் எனலாம். 'கள ஆய்வு' என்று நேரில் போய்ப் பார்ப்பதைச் சொல்கிறோமே, குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பும்தான். அதனால் 'மெய்நிகர்' என்ற அடையை எங்கும் விடக்கூடாது, வெறும் 'களம்' என்று சுருக்கவும் கூடாது.

இன்னொரு சொல்லும் உடனே தேவை. திரையைப் பார்க்கும் கண் 'ஓடுகிறாய்' என்கிறது, உட்காது 'நிற்கிறாய்' என்கிறது. சிலருக்குத் தலை சுற்றிக் குமட்டும். ஆங்கிலத்தில் simulator sickness எனப்படும் இதைப் 'பாவனை நோய்' என்று எழுதினால் ஏதோ தொற்று என்று பயந்துவிடுவார்கள். 'திரைக்கிறுகிறுப்பு' என்று வைப்போம். சோதனைக்கு வருபவரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் அது இருந்தால், யாரும் விளக்காமலே அவருக்குப் புரியும்.